நடுவில் நிற்பவள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது யாரும் சாப்பிடுவதில்லை. ஒரு மாதமாக அது கனடா தூதரகம். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் ஆபீசர் உட்காருவார். அதாவது நான். எதிர் நாற்காலியில் பெபிஷா, என் மருமகள், முதுகை நிமிர்த்திக் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்காருவாள். சாப்பாட்டை இரண்டு பேரும் அடுக்களையிலேயே நின்றபடி முடித்துக்கொள்கிறோம்.

என் பெயர் லீலாபாய். நாகர்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டால் மறுமுனையில் தாசில்தாரே இருந்தாலும் எழுந்து நின்றுதான் நம்பரைச் சொல்வார் என்று தங்கையன் கேலி செய்வதுண்டு. தங்கையன் என் வீட்டுக்காரர். மகன் எபிசன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குரலை இத்தனை காலத்துக்குப் பிறகு பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி ஆபீசர் வேஷத்துக்கு வைத்துக்கொண்டேன்.

எபிசன் கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் இருக்கிறான். படிக்கப் போனான், வேலை கிடைத்தது, நிரந்தரமாகத் தங்க அனுமதியும் கிடைத்தது. பி.ஆர். என்று சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து பெபிஷாவைக் கட்டினான். மனைவிக்கும் அதே பி.ஆர். வேண்டும் என்று எழுதிப் போட்டான். போட்ட தாள் எல்லாம் போய்ச் சேர்ந்து, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்திருந்தபோது மெயில் வந்தது. டெல்லிக்கு வா, நேரில் கேள்வி கேட்க வேண்டும் என்று.

"எல்லாரையும் கூப்பிட மாட்டாவ அம்மா. சந்தேகம் உள்ளவங்களத்தான் கூப்பிடுவாவ" என்றான் சிவபிரசாத். வடசேரியில் மாடியில் ஓர் அறை எடுத்து வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குத் தாள் சரிபார்த்துக் கொடுக்கிறவன்.

"என்ன சந்தேகம்?"

"இது மெய்யான கல்யாணந்தானா, இல்ல அங்க போறதுக்காவ செஞ்சதான்னு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று ஞாயிறு சபையில் பேர் வாசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டபோது ஒரு இருமல்கூடக் கேட்காத கல்யாணம். பந்தியில் இரண்டு பாயசம். பருப்புப் பாயசம் போதவில்லை என்று இன்றுவரை ஒருத்தி என்னிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறாள். அந்தக் கல்யாணத்தை மெய்யா பொய்யா என்று டெல்லியில் இருக்கும் ஒருவருக்கு நாங்கள் நிரூபிக்க வேண்டும். சரி, நிரூபிப்போம் என்று மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பெபிஷா நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சாயங்காலம் பூதப்பாண்டி பஸ்ஸில் வந்து வழியில் எங்கள் ஊரில் இறங்குவாள். முகம் கழுவி, பால் விடாமல் ஒரு கட்டன் சாயா குடித்ததும் தூதரகம் திறந்துவிடும். அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். கேட்டதற்கு மட்டும் பதில். கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் குற்றமில்லை, பொய் மட்டும் கூடாது.

"வாட் டஸ் யுவர் ஹஸ்பண்ட் ஈட் ஃபார் பிரேக்ஃபாஸ்ட்?"

"புட்டு அண்ட் பயறு, மேடம்."

"சார்னு சொல்லணும். ஆபீசர் ஆம்பிளையாத்தான் இருப்பான்."

"மேடமா இருந்தா என்ன செய்ய மாமி?"

"இருக்க மாட்டா. சார்னு சொல்லு."

"புட்டு அண்ட் பயறு, சார்."

இப்படி எபிசனை நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். புட்டில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுக் குழைத்தால்தான் அவனுக்கு இறங்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் உடனே தும்மல் வரும். வலது பக்கமாக ஒருக்களித்துத்தான் தூங்குவான். பெற்றவளைவிட யாருக்குத் தெரியும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அவளும் ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்தாள்.

எபிசன் காலையில்தான் வீடியோவில் வருவான். இங்கே காலை என்றால் அவனுக்கு அங்கே முந்தின நாள் ராத்திரி தொடங்கும் நேரம். பெபிஷா பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ஒருநாள் எங்கள் பாடத்தை அவனிடம் ஒப்பித்துக் காட்டினோம்.

"அம்மா, யாரு புட்டு திங்கா? நான் காலைல ஓட்ஸ்தான். அதும் வண்டி ஓட்டிட்டே."

"இஞ்ச வந்தப்ப புட்டுதான தின்ன?"

"நீ அவிச்சு முன்னால வச்சா திங்காம பின்ன?"

தும்மல் எப்போதோ போய்விட்டதாம். வலது தோளில் ஒரு வலி, அதனால் இப்போது நிமிர்ந்துதான் படுக்கிறானாம். தோள் வலி எனக்குப் புதுச் செய்தி. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "அது கொஞ்ச நாளாச்சும்மா, சவத்த விடு" என்றான். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த எபிசன், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஏத்த வாழைக்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு விமானம் ஏறிய பையன். அவனை இப்போது யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது.

அதன்பிறகு தினமும் காலையில் அவன் புது எபிசனைச் சொல்லிக் கொடுத்தான். குளிர்காலத்தில் காரின் எஞ்சினுக்குக் கரண்டு செருகி வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. வாசலில் விழும் பனியை மண்வெட்டி மாதிரி ஒன்றால் அவனேதான் தள்ள வேண்டும். காலுறை போட்டுக்கொண்டுதான் தூங்குவான். பெபிஷா கேட்டு மனதில் போட்டுக்கொண்டாள். அவள் போன பிறகு நானும் அடுக்களையில் நின்று அவற்றைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒரு இன்டர்வியூவும் இல்லை. பெற்ற பிள்ளையை மனப்பாடம் செய்ய வேண்டி வந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவனையும் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆபீசர் அவனையும் ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டால் என்ன செய்வான்?

"உனக்க பெண்டாட்டி சாயா எப்பிடிக் குடிப்பா?"

"பால் விட்டு. எல்லாரும் குடிக்கது மாதிரி."

"கட்டன். அரைச் சீனி. ராத்திரி எந்தப் பக்கம் படுப்பா?"

"அது... வலது பக்கமா?"

"சுவரோரம். ஃபேன் ரெண்டுல வைக்கணும், மூணுல வச்சா தலையோட போர்வைய மூடுவா. அவளுக்கு என்ன தின்னா சேராது?"

எபிசன் திரையில் எங்கோ பார்த்தான்.

"இறால். தின்னா மேலெல்லாம் தடிக்கும். நான் இறால் வாங்கியே ஒரு வருசமாச்சு."

"அம்மா, பரிச்ச எழுதுகது நானா அவளா?"

ஜெயித்த சந்தோஷத்தில் பெபிஷாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். என் சந்தோஷம் அந்த நிமிடமே இறங்கிவிட்டது. அவளுக்கு அதில் என்ன சந்தோஷம் இருக்க முடியும்?

பாவம், அவனையும் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவு. போன கிறிஸ்துமஸுக்கு இன்னும் கொஞ்ச நாள். அவளோடு அவன் இருந்தது அவ்வளவுதான். மிச்ச நாள் எல்லாம் அவள் இருந்தது என்னோடு. அவன் ஊருக்குப் போன பிறகு முதல் மழைக்காலத்தில், தாடகை மலைப் பக்கத்திலிருந்து காற்றும் இடியுமாக வந்து கரண்டு போனபோது, தலையணையும் கையுமாக என் அறைக்கு வந்தாள். கரண்டு வந்துவிட்டது. அவள் திரும்பிப் போகவில்லை, நானும் போ என்று சொல்லவில்லை.

அவள் வருவதற்கு முன்னால் இந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று இப்போது யோசித்தால் சரியாக நினைவு வரவில்லை. டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும், அது மட்டும் நினைவிருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க இரண்டு காதிலும் ஆள் பேசிக் கேட்டவளுக்கு வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தால் பயம் வரும். பெபிஷா வந்த பிறகு டி.வி. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்ததுகூட எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

"பின்னால உன்னயும் கொண்டு போவேன் அம்மா" என்று எபிசன் சொல்வான். கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்வார்கள் அல்லவா, அந்த மாதிரி. நானும் "பின்ன, வராம" என்பேன்.

பதில்கள் எல்லாம் ஒருவழியாகத் தேறி வந்தபோது அடுத்த கண்டம் வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரமாகப் படங்கள் கொண்டுவர வேண்டும் என்று மெயிலில் இருந்தது. கல்யாண ஆல்பம் போதாதாம், அதற்குப் பிறகு எடுத்தவை வேண்டுமாம். ஃபோனில் இருந்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டு சிவபிரசாத் அறைக்குப் போனோம். அவன் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"இதாரு அம்மா?"

"நான்தான்."

"இதுல?"

"அதும் நான்தான்."

திற்பரப்பு அருவியில் எபிசன் ஒரு பக்கம், பெபிஷா ஒரு பக்கம், நடுவில் நான். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடுவில் நான். சுசீந்திரம் குளக்கரையில், பெபிஷா வீட்டு மறுவீட்டு விருந்தில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கீழே, ஏர்போர்ட் வாசலில், எல்லாவற்றிலும் நடுவில் நான், அதே சிரிப்போடு. ஏர்போர்ட்டில் மட்டும் சிரிப்பு இல்லை.

நானாகப் போய் நின்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் வழக்கம் அது. ஃபோனை யார் கையில் கொடுத்தாலும் முதலில் சொல்வது "மாமிய நடுவில விடுங்க" என்றுதான். மாமியாரை ஓரத்தில் நிறுத்தினால், என்ன, வந்த உடனே ஓரங்கட்டியாச்சா என்று படம் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். புதுசாகக் கட்டியவர்கள் தனியாக ஒட்டி நின்று எடுத்தால் அதற்கும் ஒரு பேச்சு உண்டு. புருஷன் இல்லாதவளை வீட்டில் விட்டுவிட்டுச் சுற்றப் போனால் அது பெரிய பேச்சு. அதனால் திற்பரப்புக்குக் கட்டுச்சோற்றோடு நானும் போனேன். கை போட்டு இழுத்து நடுவில் நிறுத்தியது எபிசன்தான்.

"ரெண்டு பேரு மட்டும் நிக்க படம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டான் சிவபிரசாத்.

இரண்டு செல்ஃபி இருந்தன. ஒன்றில் பெபிஷா கண்ணை மூடியிருந்தாள். இன்னொன்றில் இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள், பின்னால் கொடியில் நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சிவபிரசாத் சிரிக்கவில்லை. "அம்மா, தப்பா நெனைக்காதிய. நீங்க நிக்கதுனால ரெண்டு பேருக்கும் எடையில ஒரு எடவெளி தெரியிது. ஒருத்தர ஒருத்தர் தொட்ட படம் ஒண்ணு இல்ல. பாக்க ஆபீசருக்கு என்ன தோணும்? வெட்டிக் குடுக்கவும் வழியில்ல."

அது சரிதான். ஓரத்தில் நிற்கிறவளை வெட்டி எடுக்கலாம். நடுவில் நிற்பவளை வெட்டினால் படம் இரண்டு துண்டாகிவிடும், ஆளுக்கு ஒரு துண்டு. அப்புறம் எந்தத் தூதரகத்துக்கும் கொண்டுபோக முடியாது.

மரியானிடம் போகலாம் என்று சொன்னது நான்தான். எபிசன் கல்யாணத்துக்கு ஆல்பம் போட்டவன், பூதப்பாண்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரே செய்யும், ஆளை அழித்து ஆளைச் சேர்க்கும் என்று அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திற்பரப்புப் படத்தைத் திறந்தான். என்னைச் சுற்றி ஒரு கோடு போட்டான். ஒரு பொத்தானை அமுக்கினான். திரையில் ஒரு வட்டம் சுழன்றது.

நான் போய்விட்டேன். நான் நின்ற இடத்தில் அருவி விழுந்துகொண்டிருந்தது. பிறகு இருவரையும் பிடித்து நெருக்கி வைத்தான். என் தோளில் கிடந்த எபிசனின் கை நேராகப் பெபிஷாவின் தோளில் போய் உட்கார்ந்தது. படம் நன்றாக இருந்தது. கோணல்மாணலாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் இல்லாத இடத்தில் தண்ணீர் இவ்வளவு சாதாரணமாக நிறைந்துவிடும் என்று எனக்குத் தெரியாது.

"எப்பிடி உண்டு மாமி?" என்றான் மரியான்.

"நல்லா உண்டு மக்கா. எனக்க பட்டுச் சாரியத்தான் காணல்ல."

அவன் சிரித்தான். பெபிஷா சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்தக் கையையே பார்த்தாள்.

"இது வேண்டாம் அண்ணா" என்றாள்.

"ஏன் பிள்ள, கொள்ளாமே, நல்லாத்தான உண்டு?"

"அன்னைக்கு அவிய எனக்க தோளுல கை போடல்ல. மாமிக்க தோளுலதான் போட்டிருந்தாவ. ஆபீசர் கேட்டா நான் என்ன சொல்ல?"

மரியான் என்னைப் பார்த்தான். எடு, அச்சடி, நான் சொல்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. என் மருமகள் அதிகம் பேசாதவள், ஆனால் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். பழைய படங்களையே, நான் நிற்கிறபடியே, பெரிதாக அச்சடித்து வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் பொறுக்கவில்லை. "நல்ல காரியத்துக்கு எடையில கொண்டு உனக்க நியாயத்த வைக்கிய. எனக்க மொகம் அங்க இருந்து யாருக்கு என்ன ஆவணும்? எடுத்துப் போட்டா ஆச்சு."

"பொய் மட்டும் கூடாதுன்னு நீங்கதான மாமி சொன்னிய?"

"சொன்னேன். அதுக்காவ? உனக்கு அங்க போணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு."

பெபிஷா மடியிலிருந்த உறையைப் பார்த்தாள். வெளியே நாற்று நட்ட வயல் போய்க்கொண்டிருந்தது. பிறகு என் கண்ணைப் பார்த்தாள்.

"போணும்" என்றாள்.

கேட்டதற்கு மட்டும் பதில். நான் சொல்லிக் கொடுத்தபடியே. இந்த இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் என்னிடம் நேராகச் சொன்னதில்லை. போனால் போகலாம், கிடைத்தால் பார்க்கலாம் என்றே எனக்காகச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும் இடம் வந்ததை அவள்தான் சொன்னாள்.

டெல்லிக்கு அவளோடு அவள் அண்ணன் அபிலாஷ் போனான். என்னையும் கூப்பிட்டார்கள். படத்தில் நிற்பது போதாதா, நேரிலும் போய் நடுவில் நிற்க வேண்டுமா என்று சொல்லி மறுத்துவிட்டேன். கிளம்பும் முன்னால் தலையில் கை வைத்து ஜெபம் செய்தேன். இந்தப் பிள்ளைக்கு இது வாய்க்கப் பண்ணும் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னேன். உள்ளுக்குள் அதற்கு எதிரான ஒரு ஜெபம் எழுந்து வந்தது. அதை அவருக்குக் கேட்காமல் அமுக்கிவிட்டேன், கேட்டிருந்தாலும் அவர் நல்லபடி கண்டுகொள்ளாமல் இருந்திருப்பார்.

இன்டர்வியூ அன்று காலையிலிருந்து ஃபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். லைனைச் சும்மா வைத்திருக்க வேண்டும் என்பது பழைய தொழில் புத்தி. எபிசன் கூப்பிட்டான். "அம்மா, ஏதும் தெரிஞ்சுதா?" என்றான். "லைன விடு, அவ கூப்பிடுவா" என்று வைத்துவிட்டேன். சபையிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள், அவளையும் கத்தரித்தேன். வீட்டில் எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. டி.வி. போடலாம் என்று ரிமோட்டை எடுத்தால் பேட்டரி இல்லை.

மத்தியானம் தாண்டி ஃபோன் அடித்தது.

"மாமி."

"சொல்லு மக்கா."

"எல்லாம் சரிதானாம் மாமி. பாஸ்போர்ட் அனுப்பச் சொல்லி மெயில் வரும்னு சொல்லிட்டாவ."

"ஸ்தோத்திரம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மெய்யாகவே சந்தோஷப்பட்டேன், அதில் கலப்படம் இல்லை. "ஓட்ஸ் கேட்டானா?"

"ஒண்ணும் கேக்கல்ல மாமி. நாம படிச்சது ஒண்ணுமே வரல்ல. ஆபீசர் மேடம்தான்."

"மேடமா?"

"ஆமா. படங்கள மறிச்சு மறிச்சுப் பாத்தாவ. எல்லாத்திலயும் நடுவில நிக்கது யாருன்னு கேட்டாவ. எனக்க மாமியாருன்னேன். இவிய எதுக்கு எல்லாத்திலயும் நடுவில நிக்காவன்னாவ. எங்க ஊருல அப்பிடித்தான்னேன். பின்ன உங்களப் பத்தியே கேட்டாவ. மாப்பிள்ள கனடாவுக்குப் போன பெறவு யாரு கூட இருந்தே, என்ன செய்வேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"எல்லாஞ் சொன்னேன். கரண்டு போன அன்னைக்கு உங்க ரூமுக்கு வந்தது, நீங்க எனக்காவ இறால விட்டது, அவியளுக்க தோள்வலிய நெனச்சு நீங்க தைலம் வாங்கி வச்சிருக்கது. நீங்க ஆபீசரா இருந்து கேள்வி கேக்கதையும் சொன்னேன். அதுக்கு மேடம் நல்லா சிரிச்சாவ."

"கேட்டதுக்கு மட்டுந்தான பதில் சொல்லச் சொன்னேன்?"

"வந்திட்டு மாமி. நிறுத்த முடியல்ல."

நான் சிரித்தேன். மெய்யா பொய்யா என்று சந்தேகப்பட்ட கல்யாணத்தை, கடைசியில் புருஷனை விட்டுவிட்டு மாமியாரை வைத்து நிரூபித்துவிட்டு வந்திருக்கிறாள். மறுமுனையில் அவள் சிரிக்கவில்லை. பெரிய ரோடு ஒன்றின் இரைச்சல் கேட்டது. இத்தனை வருடம் லைனில் இருந்தவளுக்கு, ஆள் இருந்தும் பேசாமல் இருக்கும் சத்தம் தனியாகத் தெரியும். காத்திருந்தேன்.

"கடைசியா ஒண்ணு கேட்டாவ மாமி."

"என்ன?"

"நீ போன பெறவு உனக்க மாமியாரு யாரு கூட இருப்பாவன்னு."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்குப் பதில் வரல்ல. நாம அதுக்குப் படிக்கல்லியே மாமி." அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. அபிலாஷ் ஃபோனை வாங்கி, சாயங்காலம் கூப்பிடுகிறோம் என்று சொன்னான். அழாதே என்று அவளிடம் சொல்லச் சொன்னேன். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் சொன்னேன்.

ஃபோனை வைத்துவிட்டு வந்தேன். மேசையும் இரண்டு நாற்காலியும் நாங்கள் விட்டது போலவே இருந்தன. ஜன்னல் பக்கத்து நாற்காலி எனக்குப் பழக்கம். அன்றைக்கு அதில் உட்காரத் தோன்றவில்லை. எதிர் நாற்காலியை இழுத்து, பெபிஷா உட்காரும் இடத்தில், அவளைப் போலவே முதுகை நிமிர்த்திக் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. இத்தனை நாளும் அந்தப் பிள்ளை கண் கூசக் கூசத்தான் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எக்ஸ்சேஞ்சுக் குரலை எடுத்துக்கொண்டு, அந்த மேடம் கேட்டதை நானே ஆங்கிலத்தில் கேட்டேன். மகன் இருக்கிறான் என்று சொல்லலாம். சபை இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, பென்ஷன் வருகிறது என்று சொல்லலாம். கேட்டது அதுவல்ல. யாரோடு என்றுதான் கேட்டார்கள்.

கேட்டதற்கு மட்டும் பதில், கண்ணைப் பார்த்து, பொய் இல்லாமல்.

"ஒத்தைக்குத்தான் இருப்பேன், மேடம்" என்றேன்.

ஆபீசர் நாற்காலியில் யாரும் இல்லாததால் அது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். குரல் கொஞ்சம் தேறியிருந்தது. சாயங்காலம் அவள் கூப்பிடுவதற்குள் நன்றாகப் படித்துவிட வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.